விசுவாசம் எந்தத் தேவையையும் குறைப்பதில்லை
மருத்துவ உளவியல் முனைவர் கல்வியும் திருச்சபையும்: ஒரு திறனாய்வு

1. வினா எழும் இடம்

மனம் கலங்கியோர்க்குத் திருச்சபை ஆற்ற வேண்டிய பணியைப் பற்றி உரையாடும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. ஜெபமும் திருமறையும் போதும், உளவியல் என்பது உலக ஞானம் என்பது ஒன்று. உளவியல் ஓர் அறிவியல், அதனுள் விசுவாசத்திற்கு இடமில்லை, பட்டம் பெற்றோர் மட்டுமே அப்பணியைச் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே அண்மைக் காலத்தில் மூன்றாவது குரலொன்றும் கேட்கிறது. விசுவாசத்தையும் மருத்துவ உளவியலையும் இணைத்துக் கற்பிக்கும் முனைவர் பட்டம் மேலைநாடுகளில் உண்டு. அத்தகைய பட்டம் பெற்றவர்கள் நம் சபைகளுக்கும் வேண்டும் என்பது அக்குரல். இளம் அருட்பணியாளர் சிலர் அப்பட்டத்தை நாடுகின்றனர். சில மறைமாவட்டங்களில் அதை விரும்பி வரவேற்போரும் உளர்.

அத்தகைய பட்டத்திற்குரிய தேவைகள் யாவை? அவற்றுள் எவை சாரமானவை, எவை புறத்தோற்றம்? நம் மண்ணில் அவை எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும்? இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய முற்படுகிறது.

இது கல்வித்துறை வினா மட்டுமன்று. மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் மனம் பேதலித்த ஒருவரைக் குடும்பத்தார் மருத்துவமனைக்கு முன்பே வேறிடங்களுக்கு அழைத்துச் செல்வது நாம் அறிந்ததே. கோயிலுக்கும் தர்காவுக்கும் ஆலயத்திற்கும் ஜெபக்கூடத்திற்கும் சென்று, கைப்பொருள் கரைந்த பின்னரே பலர் மருத்துவரிடம் வருகின்றனர். 2015-16ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டு வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கணித்தது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சையின்றி இருப்பதையும் அது காட்டியது. ஆகவே போதகரின் இல்லக் கதவைத் தட்டுகிறவர்களுள் நோயுற்றோரும் உளர் என்பது உறுதி. அவர்களை யார், எந்தத் தகுதியுடன் எதிர்கொள்கிறார் என்பதே நம்முன் உள்ள வினா.

2. பசடேனா காட்டிய அமைப்பு

இறையியல் கல்லூரியொன்று மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் வழங்க முன்வந்த வரலாறு 1965இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் கலிபோர்னியாவின் பசடேனா நகரிலுள்ள புல்லர் இறையியல் கல்லூரி தன் உளவியல் பள்ளியைத் திறந்தது. பேச்சுக் குறைபாட்டியலில் புகழ்பெற்ற அறிஞரான லீ எட்வர்ட் டிராவிஸ் அதன் முதல் தலைவரானார். 1970இல் தோன்றிய ரோஸ்மீட் உளவியல் பள்ளி, 1977இல் பயோலாவுடன் இணைந்தது. பின்னர் வேறு சில கிறிஸ்தவக் கல்வி நிலையங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

இப்பள்ளிகள் மாணவரிடம் கேட்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தல் நலம். முதலாவது, உளவியலில் முழுமையான அடிப்படைக் கல்வி: மனநோய்களின் இயல்பு, சோதனை முறைகள், புள்ளியியல், சிகிச்சை முறைகள் ஆகியன. இரண்டாவது, திருமறையிலும் இறையியலிலும் முறையான பாடங்கள். புல்லரின் தொடக்க அமைப்பில் இறையியல் கல்வி உளவியலோடு சேர்ந்தே நடந்தது. மூன்றாவது, படிக்கும் காலத்திலேயே மருத்துவமனைகளிலும் ஆலோசனை நிலையங்களிலும் மேற்பார்வையின் கீழ்ச் செய்யும் பயிற்சி. நான்காவது, படிப்பின் இறுதியில் ஓராண்டு முழுநேர மருத்துவப் பயிற்சி. ஐந்தாவது, ஆய்வேடு. இவற்றோடு, மாணவர் தாமே சிகிச்சைக்கு உட்பட்டுத் தம் உள்ளத்தை ஆராய்ந்தறிய வேண்டும் என்பதையும் ரோஸ்மீட் தன் பயிற்சியில் சேர்த்தது.

பட்டம் பெற்றதோடு தேவைகள் முடிவதில்லை. கலிபோர்னியாவில் உளவியலாளராக உரிமம் பெற, மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரப் பணி வேண்டும். அதில் பாதியேனும் முனைவர் பட்டத்திற்குப் பின் செய்ததாக இருத்தல் வேண்டும். அதன் பின்னரும் அரசுத் தேர்வு உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்க்கும் இறையியல் கல்லூரியில் பயின்றவர்க்கும் இந்த அளவு ஒன்றே.

நாம் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். இப்பள்ளிகள் விசுவாசத்தின் பெயரால் மருத்துவப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தையும் குறைக்கவில்லை. உளவியலுக்குரிய தேவைகள் அனைத்தையும் ஏற்று, அவற்றின்மேல் இறையியலுக்குரிய தேவைகளையும் சுமத்தின. விசுவாசம் அங்கே சலுகையாக அன்று, கூடுதல் பொறுப்பாகவே வந்தது. அந்நிலையங்களின் இறையியலை நாம் ஏற்கலாம், ஏற்காமலிருக்கலாம். இந்த நேர்மையை மறுக்க இயலாது.

3. ஒருங்கிணைப்புக் கோட்பாடும் அதன் குறையும்

எனினும் இவ்வமைப்பிற்கு அடித்தளமாக நிற்கும் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. ரோஸ்மீட்டைச் சேர்ந்த ஜான் கார்ட்டரும் புரூஸ் நாரமோரும் 1979இல் வெளியிட்ட நூலில், விசுவாசத்திற்கும் உளவியலுக்கும் இடையேயான உறவை நான்கு வகையாகப் பகுத்தனர்: ஒன்றையொன்று எதிர்ப்பது; ஒன்றை மற்றொன்றின் சாயலாக விளக்குவது; இரண்டையும் தனித்தனித் தடங்களில் செல்லவிடுவது; இரண்டையும் ஒருங்கிணைப்பது. உண்மை எங்கிருப்பினும் அது இறைவனுக்கே உரியது; ஆதலால் நான்காவது வழியே ஏற்றது என்பது அவர்கள் முடிபு. 1970இல் ஜே ஆடம்ஸ் உளவியலைப் பெரும்பாலும் ஒதுக்கித் திருமறை ஒன்றையே ஆலோசனையின் அடிப்படையாக்கி எழுதியதை நோக்க, இது விரிந்த மனம் கொண்ட நிலைப்பாடே.

ஆயினும் இப்பகுப்பில் ஒருங்கிணைப்பு நிகழும் இடம் எது? இரண்டு அறிவுத்துறைகளுக்கு நடுவே, கற்றவரின் சிந்தையினுள் அது நிகழ்கிறது. நூல்களும் கோட்பாடுகளும் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. நோயுற்றவர் எங்கே? அவருடைய வறுமை, சாதி, கடன், குடும்பம், அண்டை வீட்டாரின் சமயம் ஆகியவை எங்கே? இவை கோட்பாட்டினுள் நுழையாவிடில், ஒருங்கிணைப்பு என்பது கற்றறிந்த ஒருவரின் மன அமைதிக்கான வழியாகச் சுருங்கிவிடும். துன்புறுவோர்க்கு அதனால் விளையும் பயன் சிறிதே.

இரண்டாவது குறை விசுவாசம் சோதிக்கப்படும் இடத்தைப் பற்றியது. இத்தகைய பள்ளிகள் பல சேர்க்கையின்போதே மாணவரின் விசுவாசத்தை உசாவுகின்றன. அமெரிக்க உளவியல் கழகத்தின் அங்கீகார விதிகளும், முன்கூட்டி அறிவித்துச் செய்வதாயின், சமயச் சார்புள்ள நிலையங்கள் இவ்வாறு தெரிவு செய்ய இடமளிக்கின்றன. இடையில் ஒருங்கிணைப்பைப் பற்றிய வகுப்புகளும் கட்டுரைகளும் உண்டு. ஆனால் நுழைவாயிலில் கையொப்பமிட்ட விசுவாசம், ஐந்தாறு ஆண்டு நோயாளிகளோடு பழகிய பின் பொறுமையாகவும் உண்மையாகவும் தாழ்மையாகவும் மாறியிருக்கிறதா என்பதை எத்தேர்வு அளக்கும்? விசுவாசத்தை வாசலிலும் திறமையை முடிவிலும் சோதிக்கும் அமைப்பு, இரண்டையும் இணைக்காமலே இணைத்ததாக எண்ணிக்கொள்ளும் அபாயம் உடையது.

4. நம் நாட்டுச் சட்டம் கேட்பது

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் மருத்துவ உளவியலாளரைப் பதிவுக்குரியவராக ஆக்கியது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இன்றி அப்பணியைச் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அது வழி செய்கிறது. மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுக்கிறது. மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தகுதி உடையவர், அல்லது உளவியலில் முதுகலைப் பட்டத்திற்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர் என்பது அவ்வரையறையின் சாரம்.

இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. நம் நாட்டில் முனைவர் பட்டம் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்குவதில்லை. உளவியலில் பிஎச்.டி. பெற்றவரும், அந்த மேற்பார்வைப் பயிற்சி இல்லையேல், சட்டத்தின் கண்ணில் மருத்துவ உளவியலாளர் அல்லர். செராம்பூர் ஆட்சிக்குழுவின் டி.டிஎச். பட்டம் எத்துணை உயர்ந்ததாயினும், அருட்பணி ஆலோசனையில் எழுதப்பட்ட ஆய்வேடு எத்துணை ஆழமானதாயினும், அவை இவ்வுரிமையைத் தரா. அவை தர வந்தவை வேறு. அவற்றின் மதிப்பும் வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்த முடிவு செய்தபோதும், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்களித்தது. பட்டங்களின் பெயர் மாறலாம். நோயாளியின் அருகே மேற்பார்வையின் கீழ்ப் பயிலுதல் என்னும் தேவை மாறாது.

நம்முடைய நிலை என்ன? சில நாள் அல்லது சில வாரப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியோர் ஆலோசகர் எனப் பலகை மாட்டுகின்றனர். எந்த அங்கீகாரமும் அற்ற நிறுவனங்கள் வழங்கும் 'டாக்டர்' பட்டத்தை அருட்பணியாளர் சிலர் பெயருக்கு முன்னே சேர்த்துக்கொள்கின்றனர். சபையார் அப்பட்டத்தை நம்பித் தம் மகளையும் மகனையும் அவரிடம் அழைத்து வருகின்றனர். மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசிக்கச் சொல்லும் ஆலோசனையும் சில இடங்களில் கேட்கப்படுகிறது. மேலைநாட்டுப் பள்ளிகளில் விசுவாசம் தேவைகளைக் கூட்டியது என்று கண்டோம். நம்மிடையே அது தேவைகளைக் குறைக்கும் காரணமாகப் பயன்படுகிறது. இறைவன் அழைத்தார் என்பது பயிற்சிக்கு மாற்றாக நிற்கிறது. திறனாய்வு என்னும் வாளின் கூர்முனை பசடேனாவை நோக்குவதைக் காட்டிலும் நம்மை நோக்குதல் முறையாகும்.

5. சமவெளி கேட்பது

சட்டம் கேட்பதற்கும் மேலாக இம்மண் நம்மிடம் கேட்பது ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மடிந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. அந்நிகழ்ச்சியைப் பிற சமயத்தாரின் மூடநம்பிக்கை எனக் கூறிக் கடந்து செல்ல நமக்கு உரிமையில்லை. பேய் பிடித்ததென்று பட்டினி போடுவதும், அடிப்பதும், நாள் கணக்கில் அடைத்து வைத்து ஜெபிப்பதும் கிறிஸ்துவின் பெயரால் நடந்ததே இல்லை என்று நம்மில் யார் கூற முடியும்?

அதே ஏர்வாடியில் பின்னர் நிகழ்ந்ததும் நம் கவனத்திற்குரியது. 'தவா-துவா', அதாவது மருந்தும் வேண்டுதலும், என்னும் திட்டத்தின்கீழ் அரசின் மனநலப் பணியாளர் தர்காவிலேயே சிகிச்சை நிலையம் அமைத்தனர். குஜராத்தின் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் முன்பே தொடங்கிய முயற்சி இதற்கு முன்மாதிரி. வேண்டுதலை விட்டு வர வேண்டும் என்று எவரும் வற்புறுத்தப்படவில்லை. வேண்டுதல் செய்யும் இடத்திற்கே மருந்து சென்றது. முனைவர் பட்டம் எதுவும் இன்றியே விசுவாசமும் மருத்துவமும் அங்கே ஒரே முற்றத்தில் சந்தித்தன. ஒருங்கிணைப்பைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களைக் காட்டிலும் இந்த முற்றம் நமக்குக் கூடுதலாகக் கற்பிக்கக்கூடும்.

மற்றோர் ஆய்வும் நம் இறையியலைத் தொடுகிறது. தமிழகச் சிற்றூர் ஒன்றிலுள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளிகள் 31 பேரை இரகுராம் முதலிய ஆய்வாளர்கள் சோதித்து, முடிவுகளை 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரத் தங்கலின் முடிவில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறப்பான சடங்கு எதுவும் அங்கே நிகழவில்லை. அச்சமற்ற, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு இது. இதிலிருந்து பெரிய முடிபுகள் எடுத்தல் தகாது. ஆயினும் விசுவாசம் இணைந்த உளவியல் என்று கூறுவோர் இதற்கு விடை கூறியாக வேண்டும். குணமாக்கும் சூழல் நம் சுவர்களுக்குள் மட்டுமே உண்டு என்னும் எண்ணம் உண்மைக்குப் பொருந்தாது. சர்வ சிருஷ்டியின் ஆண்டவர் நம் எல்லைகளுக்கு அப்பாலும் இரக்கம் காட்டுகிறார் என்று ஏற்றுக்கொள்பவரே, பல சமயத்தார் அருகருகே வாழும் மதுரைத் தெருவில் நேர்மையான ஆலோசகராக இருக்க முடியும். அன்றேல் சிகிச்சை அறை மதமாற்ற மேடையாகவும், நோயாளியின் பலவீனம் நமக்கு வாய்ப்பாகவும் மாறிவிடும். கதரேனர் நாட்டில் கல்லறைகளுக்கிடையே சங்கிலிகளை முறித்துத் திரிந்த மனிதரை இயேசு தெளிந்த புத்தியுள்ளவராக்கிய பின், தம்முடன் இருத்திக்கொள்ளாமல் அவருடைய வீட்டாரிடமே அனுப்பினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. மனிதரே ஏடு

அவ்வாறாயின் இறையியல் கல்லூரி செய்யத் தக்கது யாது? இதற்குப் புல்லருக்கும் முற்பட்ட வரலாறொன்று வழிகாட்டுகிறது. அமெரிக்கப் போதகரான ஆன்டன் பாய்சன் 1920இல் தாமே கடும் மனநோயுற்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். நலமுற்றபின் 1924இல் வூஸ்டர் அரசு மனநோய் மருத்துவமனையின் குருவாகப் பணியேற்றார். மறு ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் நால்வரை அங்கே அழைத்துவந்து, நோயாளிகளோடு பழகிக் கற்கச் செய்தார். நூல்களைப் படிப்பது போலவே துன்புறும் மனிதரையும் வாழும் ஏடுகளாகக் கருதிக் கவனத்துடன் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னாளில் மருத்துவமனை சார்ந்த அருட்பணிப் பயிற்சியாக உலகெங்கும் பரவிய முறை இவ்விதமே பிறந்தது. அங்கே ஒருங்கிணைப்பு இரண்டு நூல்களுக்கு நடுவே அன்று, நோயாளியின் கட்டிலருகே தொடங்கியது.

இது நமக்கு அந்நியமான வழியன்று. 1950இல் லக்னோவில் ஸ்டான்லி ஜோன்ஸ் நூர் மன்ஸில் என்னும் மனநல நிலையத்தை நிறுவினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், குடும்பத்தார் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை 1950களின் பிற்பகுதி முதல் வளர்த்தது. நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து ஆராயும் மேலைநாட்டு வழக்கத்திற்கு மாறாக, நம் குடும்ப அமைப்பையே அது சிகிச்சையின் துணையாக்கியது. 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, வளாகத்திற்கு வெளியே மக்களிடையே குடியிருந்து கற்பதைத் தன் பயிற்சியின் பகுதியாக்கியது. சேரியிலும் சிற்றூரிலும் வாழ்ந்து மனிதரைப் படித்த மரபு நம்மிடம் உண்டு. அம்மரபை மனநலத் துறைக்கு நீட்டுவதே நம் முன்னுள்ள கடமை.

இதன் அடிப்படையில் சிலவற்றை முன்மொழியலாம். மருத்துவ உளவியலாளராக அழைப்புப் பெற்றோர், சட்டம் கேட்கும் முழுப் பயிற்சியையும் பெறட்டும். திருச்சபை அதற்குப் பொருளுதவி செய்யட்டும். இறையியல் கல்வியை அதற்கு மாற்றாக அன்று, அதனோடு கூடுதலாகத் தரட்டும். ஏனைய அருட்பணியாளர்க்கு அப்பட்டம் வேண்டுவதில்லை. அவர்கட்கு மூன்று தேவைகள் உள்ளன.

முதலாவது, தம் எல்லையை அறிதல். காதில் குரல் கேட்பவரையும், தற்கொலை எண்ணம் உடையவரையும், உறக்கமும் உணவும் இழந்தவரையும் இனங்கண்டு, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416 உண்டு. அனுப்பிய பின் கைவிடாமல் உடன் நடப்பதும் போதகரின் பணியே.

இரண்டாவது, இரகசியம் காத்தல். மனநோயாளியின் செய்தி வெளிப்படாமல் காக்கப்படுவது அவருடைய உரிமை என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. நம் சபைகளிலோ, தனியறையில் கேட்டது ஞாயிறன்று ஜெபக் குறிப்பாகிறது, நலமடைந்தால் சாட்சியாகிறது. பெயர் கூறி ஜெபிப்பதன் பின்னால் உள்ள அன்பை ஐயுற வேண்டுவதில்லை. ஆனால் அப்பெண்ணின் திருமணப் பேச்சு அதனால் முறியுமாயின், அந்த அன்பு அவளுக்குத் தீங்காக முடிந்தது என்றே கூற வேண்டும்.

மூன்றாவது, அதிகாரத்தை உணர்தல். திருமுழுக்கு, திருமணம், கல்லறைத் தோட்டம், சபைப் பள்ளியின் வேலை ஆகியவற்றில் சொல்வாக்குள்ள போதகரிடம் ஒருவர் மனம் திறந்து பேசும்போது, அவர் தம்மையே அவ்வதிகாரத்தின் கையில் ஒப்படைக்கிறார். சாதியும் சேகரக் குழு அரசியலும் அவ்வறையினுள் நுழையும். இதை அறியாத ஆலோசனை தீங்கு விளைக்கும். ஆகவே போதகர் ஒவ்வொருவரும் தம் ஆலோசனைப் பணியைக் குறித்துக் கணக்குக் கேட்கும் மேற்பார்வையாளர் ஒருவரை ஏற்க வேண்டும்.

7. முடிபு

புல்லரும் ரோஸ்மீட்டும் நமக்குத் தரும் பாடம் அவர்களுடைய ஒருங்கிணைப்புக் கோட்பாட்டில் இல்லை. விசுவாசத்தின் பொருட்டு எத்தேவையையும் தளர்த்தாத அவர்களுடைய ஒழுங்கில் உள்ளது. அவர்களிடம் குறைவுபடும் மக்கள் பார்வையை நம் மண் தரக்கூடும். ஆனால் அவ்வொழுங்கை ஏற்காமல் மண்ணின் பெயரைக் கூறுவது சோம்பலுக்குச் சமாதானம் தேடுவதாகும்.

சூரைச் செடியின் கீழே சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் அளித்தது உபதேசம் அன்று. அப்பமும் தண்ணீரும் உறக்கமும் ஆகும். ஓரேபின் மெல்லிய சத்தம் அதன் பின்னரே வந்தது. உடலையும் உள்ளத்தையும் அறிந்து, உரிய நேரத்தில் உரியதைக் கொடுக்கக் கற்பதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தவிர்க்க விசுவாசத்தைத் துணைக்கு அழைப்பவர், விசுவாசத்தையும் பட்டத்தையும் ஒருங்கே இழிவுபடுத்துகிறார். அப்பயிற்சிக்குத் தம்மை ஒப்புக்கொடுப்பவர், முனைவர் என்று அழைக்கப்பட்டாலும் அழைக்கப்படாவிட்டாலும், துன்புறுவோர் நம்பி வரத்தக்க ஊழியர் ஆவார்.